எழுதி வைக்காமல் புதைத்தவை

கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துப் பாட்டிலில் அடைப்பதுதான் என் வேலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், ஒரு காலத்தில் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் செய்த ஹான்ஃபோர்டில் பல வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், மேலே பூட்டுப் போட்ட மூடி, அதில் கிணற்றின் எண். கதிரியக்கப் பாதுகாப்பு டெக்னீஷியன் முதலில் மீட்டரை வைத்துப் பார்ப்பார், அவர் சரி என்றதும் திறந்து பம்பை ஓட விடுவோம். உடனே பாட்டிலில் பிடித்துவிடக் கூடாது. குழாய்க்குள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த தண்ணீர் முதலில் போக வேண்டும், அதனால் வெப்பநிலை, பி.ஹெச்., மின்கடத்துதிறன், கலங்கல் எல்லாவற்றையும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே நிற்போம். மூன்று முறை தொடர்ந்து எண்கள் மாறாமல் நின்றால்தான் வருவது நிலத்தடி நீர் என்று அர்த்தம். சில கிணறுகள் சீக்கிரம் ஒத்துழைக்கும், சில கிணறுகள் ஒரு மணி நேரம் நிற்க வைக்கும். குளிர்காலத்தில் அந்த ஒரு மணி நேரம் மிக நீளம்.

அப்புறம் பாட்டில்கள். ஒவ்வொரு மாசுக்கும் ஒரு தனி பாட்டில். உலோகங்களுக்கானதில் முன்கூட்டியே நைட்ரிக் அமிலம் விட்டிருப்பார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு ஆவியாகிவிடும் என்பதால் அதற்குச் சின்னக் கண்ணாடிக் குப்பி, மூடிய பிறகு கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்துக்கு 24 மணி நேரக் கெடு, அதற்குள் லேபில் சோதித்தாக வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து, முத்திரை ஒட்டி, யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்கு மாறியது என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என் பங்கு முடிந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நிறமோ வாடையோ இருக்காது. இந்த வேலையில் கண்ணுக்குத் தெரிவது எழுத்து மட்டும்தான், பாட்டிலில் ஒட்டிய லேபிளும் படிவத்தில் போட்ட நேரமும் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். சேர்ந்த புதிதில் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. நினைக்க வைத்த விஷயங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1943-ல், அணுகுண்டு செய்வதற்கான மன்ஹாட்டன் திட்டத்துக்காக இந்தப் பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ் என்று இரண்டு சின்ன ஊர்கள், பழத்தோட்டங்கள், சுமார் 1,500 பேர், எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். ஆற்றை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வானாபம் மக்களும் குளிர்கால இருப்பிடத்தை விட்டுப் போக வேண்டியிருந்தது. 1944 செப்டம்பர் 26-ல் 'பி' என்ற அணு உலை இயங்கத் தொடங்கியது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் போட்ட குண்டில் இருந்த புளூட்டோனியம் இங்கே செய்ததுதான். போருக்குப் பிறகும் வேலை நிற்கவில்லை, இன்னும் பெரிதானது. ஆற்றங்கரையில் ஒன்பது உலைகள், கொஞ்சம் உள்ளே தள்ளி மேட்டு நிலத்தில் வேதியியல் ஆலைகள். உலையில் வெந்த யுரேனியத்தை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து மிகச் சிறிய அளவில் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தால், மிச்சம் எல்லாம் கழிவு. மிகவும் மோசமானது நிலத்தடித் தொட்டிகளுக்குப் போனது. 177 தொட்டிகள், இன்றைக்கும் சுமார் 5.6 கோடி கேலன், அதாவது 21 கோடி லிட்டர். அவற்றில் 149 தொட்டிகளுக்கு ஒற்றைச் சுவர்தான், 67 தொட்டிகள் கசிந்திருக்கக்கூடும் என்று கணக்கு.

பலருக்குத் தொட்டிகளைப் பற்றித் தெரியும். மண்ணில் நேரடியாக விட்டதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இத்தனை வருடங்களில் சுமார் 45,000 கோடி கேலன் கழிவு நீரை, கிட்டத்தட்ட 1.7 லட்சம் கோடி லிட்டர், குளங்களிலும் பள்ளங்களிலும் 'கிரிப்' என்று சொல்லும் கூழாங்கல் நிரப்பிய நிலத்தடி வடிகால்களிலும் விட்டிருக்கிறார்கள். திருட்டுத்தனமாகச் செய்ததில்லை அது. மண் ஒரு வடிகட்டி என்ற நம்பிக்கையில் திட்டம் போட்டுச் செய்தார்கள். மேட்டு நிலத்தில் தண்ணீர் 250 அடி ஆழத்தில் இருக்கிறது, மழையும் வருடத்துக்கு 7 அங்குலம்தான், நடுவில் இருக்கிற மண் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு பாதி சரி. சீசியம், புளூட்டோனியம் போன்றவை பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டன. எதிர்மின் சுமையோடு தண்ணீரில் கரைந்து போகிறவற்றை, டெக்னீசியம்-99, அயோடின்-129, நைட்ரேட், குரோமேட் இவற்றையெல்லாம், மண்ணால் பிடிக்க முடியவில்லை. டிரிட்டியம் என்பது கதிரியக்க ஹைட்ரஜன், அது தண்ணீரோடு தண்ணீராகவே போய்விட்டது. பனியுகத்தின் கடைசியில் வந்த பெருவெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய சரளைக்கல் நிலம் இது, தண்ணீர் இதில் சுலபமாக ஓடும். டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகிற காலம், 2 லட்சம் ஆண்டுக்கு மேல். அயோடின்-129க்கு 1.5 கோடி ஆண்டுக்கு மேல். இந்த எண்களை மனதில் வாங்கிக்கொள்ள நான் முயற்சி செய்வதில்லை, முடியாது.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும்.

உலைகளைக் குளிர்விக்க ஆற்று நீரைத்தான் பயன்படுத்தினார்கள். முதல் எட்டு உலைகளில் ஒரு பக்கம் ஆற்று நீர் உள்ளே போய், மறுபக்கம் சூடாகித் திரும்ப ஆற்றுக்கே வரும். குழாய்கள் அரிக்காமல் இருக்க அந்தத் தண்ணீரில் சோடியம் டைகுரோமேட் கலந்தார்கள், முன்பு சொன்ன ஆறு இணைதிறன் குரோமியம் இதில்தான் இருக்கிறது. அடர்த்தியான டைகுரோமேட் கரைசல் வந்து இறங்குகிற இடம், கலக்கிற இடம், நடுவில் போகிற குழாய், எங்கெல்லாம் சிந்தியதோ அங்கெல்லாம் மண் மஞ்சளாக நின்றது. மனிதர்களுக்கே கெடுதல், மீன் குஞ்சுகளுக்கு இன்னும் கெடுதல். ஹான்ஃபோர்டைத் தாண்டிப் போகிற இந்த ஆற்றுப் பகுதியில் அணை கிடையாது, கொலம்பியா ஆற்றின் பிரதான ஓட்டத்தில் இலையுதிர்காலச் சினூக் சால்மன் மீன்கள் அதிகமாக முட்டையிடும் இடம் இதுதான். ஆற்றின் அடியில் கூழாங்கற்களைக் குடைந்து முட்டையிடும், குஞ்சு பொரித்து அந்தக் கற்களுக்கு நடுவிலேயே சில காலம் இருக்கும். நிலத்தடி நீர் ஆற்றுக்குள் வருவதும் அதே கற்களின் வழியாகத்தான். ஆற்று நீரில் கலந்து நீர்த்துப் போவதற்கு முன்பே அந்தக் குஞ்சு குரோமியத்தில் கிடக்கிறது. அதனால்தான் ஆற்றோரத்தில் நாம் வைத்திருக்கிற வரம்பு மனிதர் குடிக்கும் நீருக்கான வரம்பைவிடவும் கடுமையானது, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

வேலைக்கு வந்து மூன்றாவது வருடம் இருக்கும். களத்துக்குப் போவதோடு, லேபிலிருந்து வருகிற எண்களைச் சரிபார்க்கும் பொறுப்பும் கொடுத்திருந்தார்கள். ஒரு உலைப் பகுதியில் ஒரு கிணற்றில் குரோமியம் திடீரென்று பக்கத்துக் கிணறுகளைவிடப் பத்து மடங்குக்கு மேல் காட்டியது. அதற்கு முந்தைய காலாண்டுகளில் அப்படி இல்லை. சுற்றி இருந்த மூன்று கிணறுகளும் அமைதியாக இருந்தன. படிவத்தை எடுத்துப் பார்த்தேன், அன்றைக்குக் கலங்கல் கொஞ்சம் அதிகம், பாட்டில் லேபுக்குப் போனதும் கெடு முடியும் நேரத்தில்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. 'சந்தேகத்துக்குரியது' என்று குறியிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்தக் குறி விழுந்தால் வரைபடம் போடும்போது அந்த எண் சேராது. அந்த எண் இல்லாமல் வரைபடம் அழகாக, வழவழப்பாக வந்தது.

அடுத்த காலாண்டில் அதே கிணறு, அதைவிட அதிகம்.

எங்களோடு ஒரு மூத்த டெக்னீஷியன் இருந்தார், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அந்த எண்ணைக் காட்டி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கிணற்றின் எண்ணைப் பார்த்தார், கணினியில் இருந்த வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பக்கத்தில் ஒரு பழைய குழாய் போகும், சரக்கு ரயில் வந்து நிற்கிற இடத்திலிருந்து" என்றார். எந்த வரைபடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். எதிலும் இல்லையாம். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இருந்த இன்னொரு பெரியவர் வண்டியில் போகும்போது கையைக் காட்டிச் சொன்னதாம். அவ்வளவுதான் ஆதாரம். ஒரு ஆளின் ஞாபகத்திலிருந்து இன்னொரு ஆளின் ஞாபகத்துக்கு வந்து, அவரும் இரண்டு வருடத்தில் போய்விடப் போகிறார்.

தோண்டிப் பார்த்தபோது மண் மஞ்சளாக இருந்தது. பழைய குழாயின் இணைப்பு ஒன்று பல வருடங்களுக்கு முன்பே விட்டிருக்கிறது. அந்த வருடம் ஆற்றின் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்தபோது நிலத்தடி நீரும் ஏறி, அதுவரை எட்டாத மண்ணைத் தொட்டுவிட்டு இறங்கியிருக்கிறது. நான் குறியிட்டு ஒதுக்கிய எண் சரியான எண். மூன்று மாதம் தாமதம், இந்த வேலையின் கால அளவில் மூன்று மாதம் ஒன்றுமில்லை என்று மேலாளர் சமாதானம் சொன்னார். அது சால்மன் முட்டைகள் கற்களுக்குள் இருந்த மூன்று மாதம். அவை இருந்த இடத்துக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல எங்களிடம் அளவீடு எதுவும் இல்லை, ஏனென்றால் அளவீடு எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அதற்குப் பிறகு பழைய ஆவணங்களைப் படிக்க ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். மாசு எப்படிப் பரவுகிறது என்பதைப் பாடப் புத்தகங்கள் சொல்லிவிடும். எங்கிருந்து தொடங்கியது என்பதை இந்த மண்ணில் வேலை பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும், அவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. இங்கே ரகசியம் என்பது வேலையின் விதியாக இருந்தது. தன் பகுதியில் நடப்பது அடுத்த பகுதிக்காரருக்குத் தெரியக் கூடாது. எழுதியதையும் முத்திரையிட்டுப் பூட்டிவிட்டார்கள், பூட்டியதில் கொஞ்சம் பிறகு அழிந்தும் போனது.

2004 டிசம்பரில் நடந்ததைப் பார்த்தால் புரியும். நான் அப்போது இங்கே இல்லை, இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆற்றை ஒட்டிய ஒரு பழைய புதைகுழியைத் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு இரும்புப் பெட்டகம் கிடைத்தது. உள்ளே ஒரு கண்ணாடி ஜாடி, அதில் அரை லிட்டருக்கும் குறைவாக வெள்ளையாக ஒரு கலவை. புளூட்டோனியம். எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்த ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அது டென்னசியில் இருந்த எக்ஸ்-10 உலையில் வெந்த எரிபொருளிலிருந்து 1944-ல் ஹான்ஃபோர்டின் டி ஆலையில் பிரித்தது என்று கண்டுபிடித்தார்கள். ஆலையை ஓட்டிப் பார்த்த சோதனைக் காலத்துச் சரக்கு. உலகத்தில் இப்போது இருக்கிற மிகப் பழைய குண்டுத்தரப் புளூட்டோனிய மாதிரிகளில் ஒன்று. அருமையான அறிவியல், எனக்கும் படிக்கும்போது மெய்சிலிர்த்தது. ஆனால் தோண்டும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவர் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். புதைத்த காலத்தில் ஒருவர் ஒரு தாளில் "பெட்டகம், உள்ளே ஜாடி" என்று எழுதியிருந்தால் போதும், அந்த மனிதர் தெரிந்துகொண்டு தோண்டியிருப்பார்.

எழுதினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1973-ல் டி-106 என்ற தொட்டி கசிந்தது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை ஒன்றரை மாதத்துக்கும் மேல், 1,15,000 கேலன், நாலு லட்சம் லிட்டருக்கு மேல் மண்ணில் இறங்கியது. ஹான்ஃபோர்டின் தொட்டிக் கசிவுகளில் மிகப் பெரிய ஒன்று. அந்த நாட்களில் தொட்டியின் மட்டத்தை ஆட்கள் ஒழுங்காக அளந்து எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். மட்டம் இறங்குகிறது என்று அந்தத் தாள்களே சொல்லிக்கொண்டிருந்தன. பார்க்க வேண்டியவர்கள் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. இந்த விஷயத்தைப் படித்த அன்று நான் அதிக நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். எழுதியவருக்கும் படிக்க வேண்டியவருக்கும் நடுவில் எது நழுவியது என்று எனக்குத் தெரியும், அதே இடத்தில் நானும் ஒரு எண்ணை நழுவ விட்டிருக்கிறேன்.

இந்த வேலையில் மனசு நிறைகிற விஷயங்களும் உண்டு. 'என்' (N) என்ற உலையின் கரையோரத்தில் ஸ்ட்ரான்சியம்-90 இருக்கிறது. ஸ்ட்ரான்சியம் வேதியியலில் கால்சியத்தின் தம்பி மாதிரி, உடம்புக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கரையில் வளர்ந்த மல்பெரி மரங்கள்கூட அதை உறிஞ்சி வைத்திருந்தன. 1990களின் நடுவில் அதை எடுக்க நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்க ஆரம்பித்தார்கள், பத்து வருடத்துக்கு மேல் இறைத்தார்கள். ஸ்ட்ரான்சியமோ மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, தண்ணீரோடு வந்தது கொஞ்சம்தான். இறைத்து எடுத்ததைவிட, அதே காலத்தில் இயல்பாகவே சிதைந்து குறைந்தது அதிகம். 2006-ல் பம்புகளை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கால்சியம், சிட்ரேட், பாஸ்பேட் கலந்த கரைசலைக் கரையோரக் கிணறுகள் வழியாக மண்ணுக்குள் செலுத்தினார்கள். உள்ளே போனதும் அது அபடைட் என்ற கனிமமாக மாறுகிறது. நம் எலும்பும் பல்லும் அந்த வகைக் கனிமத்தால் ஆனவைதான். ஸ்ட்ரான்சியம் எந்தக் குணத்தால் எலும்பைத் தேடிப் போகிறதோ, அதே குணத்தால் இப்போது மண்ணுக்குள் நாம் வளர்த்த அபடைட்டில் போய்ச் சிக்குகிறது. அரை ஆயுள் சுமார் 29 ஆண்டுகள். முந்நூறு ஆண்டுகள் அங்கேயே சிக்கிக் கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் இல்லாமல் போய்விடும். முதன்முதலில் அந்தக் கரைக் கிணறுகளில் மாதிரி எடுக்கப் போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் வழக்கமாகச் செய்கிற வேலையையே அன்று ரொம்பக் கவனமாகச் செய்தேன். எதையும் வெளியே எடுக்காமல், மண்ணுக்கு ஒரு எலும்பைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

எல்லா இடத்திலும் இப்படி அமையாது. ரிச்லாண்டு நகருக்குப் பக்கத்தில் இருக்கிற, '300' என்று பெயர் வைத்த பகுதியில் யுரேனிய எரிபொருள் செய்தார்கள், அந்தக் கழிவும் மண்ணுக்குப் போனது. 1990களில் மேல் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, நிலத்தடியில் மிச்சம் இருக்கிற யுரேனியம் பத்து வருடத்துக்குள் தானாகக் கழுவிப் போய்விடும் என்று மாதிரிக் கணக்கு சொன்னது. போகவில்லை. வருடா வருடம் வசந்த காலத்தில் பனி உருகி ஆறு உயரும்போது நிலத்தடி நீரும் உயர்ந்து, வறண்டு கிடந்த மண்ணில் ஒட்டியிருக்கிற யுரேனியத்தைக் கரைத்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அடுத்த வருடமும் அதே கதை. என் குரோமியக் கிணற்றில் நடந்ததும் இதுதான். கணக்குப் போட்டவர்கள் திறமைசாலிகள். ஆறு மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே எவ்வளவு ஒட்டிக் கிடக்கிறது என்பதைத்தான் குறைத்து எடைபோட்டுவிட்டார்கள்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பொதுக்கூட்டங்களுக்கும் போக வேண்டியிருக்கும். நான் முதலில் போன கூட்டத்தில் வரைபடங்களைக் காட்டி, எந்தெந்த மாசு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று விளக்கினேன். மேட்டு நிலத்தில் 2012 முதல் ஓடுகிற பெரிய சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிச் சொன்னேன், உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய நிலையம் அது. புளூட்டோனிய ஆலையிலிருந்து 1955 முதல் 1973 வரை மண்ணில் விட்ட கார்பன் டெட்ராகுளோரைடை அது நாள்தோறும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர், வீட்டு மாட்டின் பாலைக் குடித்து வளர்ந்தவர், தைராய்டு சுரப்பியை எடுத்தாகிவிட்டது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கோபமில்லாத குரல். நான் பாட்டில், ஐஸ் பெட்டி, லேப் என்று விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் ஊருக்கும் அப்போது உங்களை மாதிரி ஒருத்தர் வந்தார் தம்பி. எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டோம் என்றுதான் சொன்னார்" என்றார்.

1949 டிசம்பரில், சோவியத் ஒன்றியம் தன் முதல் குண்டைச் சோதித்த சில மாதங்களில், ஹான்ஃபோர்டில் வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தார்கள். வழக்கமாகப் பல வாரங்கள் ஆற விட்டுக் கரைக்க வேண்டிய எரிபொருளை 16 நாட்களிலேயே கரைத்து, அதிலிருந்து வந்த அயோடின்-131ஐ வடிகட்டாமல் காற்றில் விட்டார்கள். 'கிரீன் ரன்' என்று பெயர். காற்று கொண்டுபோய்ப் புல்லில் போட்டது, புல் மாட்டுக்குப் போனது, பால் பிள்ளைகளுக்குப் போனது, அயோடின் போய்ச் சேரும் இடம் தைராய்டு. 1986-ல் 19,000 பக்க ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் சுற்றியிருந்த ஜனங்களுக்கு இது தெரிந்தது. 37 வருடம். ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அந்த அம்மாவுக்கும் அது தெரியும், அவர் நஷ்ட ஈடு கேட்டு எழவில்லை. அளந்தவர்கள் அளந்ததைத் தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம். அளவீடு இருந்தது, எழுத்தும் இருந்தது, பூட்டும் இருந்தது.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் பேசும் முறையை மாற்றிக்கொண்டேன். சராசரியோடு கூட, ஒதுக்கிய எண்கள் எவை, ஏன் ஒதுக்கினோம் என்பதையும் காட்டுகிறேன். கூட்டம் நீளும், சக ஊழியர்கள் சிலருக்கு அது பிடிக்காது, வீணாகப் பயத்தைக் கிளப்புகிறோம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கிற ஜனங்கள் பாதி விஷயத்துக்குத்தான் பயப்படுகிறார்கள், முழு விஷயத்தைச் சொன்னால் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள், அடுத்த கூட்டத்தில் என்னைவிட நல்ல கேள்வி கேட்கிறார்கள்.

மூத்த டெக்னீஷியனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவும் இங்கேதான் வேலை பார்த்தார், குழாய் பொருத்துகிறவர். வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டாராம். மனைவிக்கே கணவர் எந்தக் கட்டடத்தில் வேலை செய்தார் என்று தெரியாது. புற்றுநோயில் இறந்தார். 2000-ல் அணு ஆயுத ஆலைத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் வந்தது, தகுதி உள்ளவர்களுக்கு 1,50,000 டாலரும் மருத்துவச் செலவும். தகுதியை எப்படி முடிவு செய்வார்கள் என்றால், அந்த ஆள் வாங்கிய கதிர்வீச்சின் அளவைப் பழைய பதிவுகளிலிருந்து திரும்பக் கணக்கிட்டு, அதனால் நோய் வந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அவருடைய அப்பா கதிர்வீச்சை அளக்க உடையில் மாட்டியிருந்த பேட்ஜின் பதிவுகளில் இரண்டு வருடம் காணவில்லை. பதிவே இல்லாத அல்லது போதாத காலங்களில் வேலை செய்தவர்களுக்கென்று அந்தச் சட்டத்தில் தனி வகை ஒன்று இருக்கிறது, குறிப்பிட்ட புற்றுநோய்கள் வந்திருந்தால் அளவைக் கணக்கிடாமலே இழப்பீடு உண்டு. அந்த வகையில் சேர்த்துப் பணம் வந்தபோது அவருடைய அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. காசோலையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்படியானால் அவர் எந்தக் கட்டடத்தில்தான் இருந்தார்?" என்று மகனிடம் கேட்டிருக்கிறார்.

அவர் ஓய்வுபெறுவதற்கு முன்பு நான் ஒரு காரியம் செய்தேன், செய்ததில் எனக்குத் திருப்தி உண்டு. வாரத்துக்கு ஒரு மதியம் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வேலியின் ஓரமாக, பழைய ரயில் பாதை ஓரமாக ஓட்டிக்கொண்டு போவேன். அவர் கையைக் காட்டுவார், நான் நிறுத்தி ஜி.பி.எஸ். அளவை எடுப்பேன், அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வேன். இங்கே ஒரு கொட்டகை இருந்தது. இங்கே லாரியைக் கழுவுவார்கள். இந்த மேட்டில் முள் செடிகளைச் சேர்த்து எரித்தார்கள் என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். (இந்த முள் செடிகள் ஒரு தனித் தொல்லை. ஆழமாக வேர் விட்டு மாசை உறிஞ்சும், காய்ந்ததும் ஒடிந்து காற்றில் உருண்டு மைல் கணக்கில் போகும். அவற்றைப் பிடித்துச் சேர்ப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது.) நாற்பது இடங்களுக்கு மேல் குறித்தோம். சில தவறாகத்தான் இருக்கும், ஞாபகம் அப்படித்தான். எது உறுதி, எது கேள்விப்பட்டது, எது அவருக்கே சந்தேகம் என்று மூன்று விதமாகப் பிரித்து எழுதி, தரவுத்தளத்தில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். சேர்க்க ஒன்றரை வருடம் ஆனது, ஞாபகத்துக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் குறிப்பு என்ற பகுதியில் போட்டார்கள். பரவாயில்லை, தேடினால் கிடைக்கும்.

பெரும்பாலான உலைகளைச் சுற்றி இப்போது எஃகுக் கூரை போட்டு மூடிவிட்டார்கள், 75 ஆண்டு அப்படியே இருக்க விட்டு, கதிரியக்கம் குறைந்த பிறகு என்ன செய்வது என்று பார்ப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடுவார்கள். 75 ஆண்டு கழித்து அதைத் திறக்கப் போகிறவர் இன்னும் பிறக்கவில்லை. அவர் கையில் என்ன காகிதம் இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவரை என்னோடு அனுப்பியிருந்தார்கள். களப் பதிவேட்டில் அவர் ஒரு நேரத்தைத் தவறாக எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதலாமா என்று கேட்டார். கிழிக்கக் கூடாது, அடித்தால் ஒற்றைக் கோடு மட்டும், கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் முதலெழுத்தும் தேதியும் போடுங்கள் என்று சொன்னேன். எதற்கு என்றார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, எண்கள் இன்னும் நிலைக்கவில்லை, நேரம் இருந்தது. மடிக்கணினியைத் திறந்து அந்தக் குரோமியக் கிணற்றின் பதிவை எடுத்துக் காட்டினேன். 'சந்தேகத்துக்குரியது' என்ற குறி இன்னும் அங்கேயே இருக்கிறது, அதை நீக்கவில்லை, அதன் மேல் ஒரு திருத்தம், திருத்தத்துக்குக் கீழே நான்கு வரி விளக்கம், என் முதலெழுத்து, தேதி. அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, தன் தவறான நேரத்தின் மேல் ஒரு கோடு போட்டார்.